டச்பே ஒழுங்கைக் கஞ்சிக் கடைக்கு ஒரு ரீச்சர் போட்ட புள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. திருகோணமலை டச்பே கடற்கரையில் கோட்டைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போனால் வலது கைப் பக்கம் ஒழுங்கைகள் வரும், அதில் ஒன்றுக்குள் தகர வேலி போட்ட ஒரு வளவு, வளவுக்குள் வேப்பமரம், மரத்தைச் சுற்றி ஆறேழு வாங்கு, அவ்வளவுதான் கடை. காலை ஐந்தரைக்கே அடுப்பு எரியும். எந்த ஒழுங்கை என்று குழப்பம் வந்தால் மான்களைப் பாருங்கள். கோட்டையில் இருந்து இறங்கி வரும் மான்களில் நாலைந்து கீரைத் தண்டுக்காக இந்த வாசலில்தான் நிற்கும்.

அக்கா, தங்கை, அவர்களுடைய மச்சாள் என்று மூன்று பெண்கள் நடத்துகிறார்கள். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் நாட்டரிசிச் சோறு, இடையில் மூலிகைத் தேத்தண்ணி. கொத்து கிடையாது, ரோல்ஸ் கிடையாது, சோடா கிடையாது. ‘இதயத்துக்கு நல்ல கடை’ என்று ஊருக்குள் ஒரு பேர் எடுத்துவிட்டது. அந்தப் பேர் எவ்வளவு தூரம் சரி என்று எட்டு மாதம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூட ரீச்சர், புள்ளி போடாமல் இருக்க முடியாது. நூற்றுக்கு எழுபத்திரண்டு. எங்கள் பள்ளியில் அது நல்ல புள்ளி, ஆனால் குறைந்த இருபத்தெட்டும் சில்லறை விஷயத்துக்குக் குறைந்தது இல்லை.

அங்கே போகத் தொடங்கியது இவரால், என் வீட்டுக்காரரால். வயது 53, ஓட்டோ ஓடுகிறார். 2025 மாசி மாதம், ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த இரவு, பதினொரு மணி இருக்கும், நெஞ்சில் அம்மிக் குழவியை உருட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றார், பிறகு இடது தோளும் தாடையும் உளையுது என்றார், பெனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இஞ்சியும் உள்ளியும் தட்டிப்போட்டு அவித்துக் கொடுத்தேன். கல்யாணச் சாப்பாடு, வாயு என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போன பிறகு மகள்தான் என்னைத் தள்ளிவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தாள். அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி எடுத்த கையோடு இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அந்த ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை தப்பும் என்று விடியற்காலையில் ஒரு சின்ன டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இஞ்சித் தண்ணி ஆற்றிக்கொண்டு நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். அதனால் கடையைப் பற்றி வாசிக்க வந்தவர்கள் இதையும் எடுத்துக்கொண்டு போங்கள்: நெஞ்சு இறுக்கம், வியர்வை, தோளுக்கோ தாடைக்கோ பரவும் நோவு என்றால் குசினிக்குள் போகாதீர்கள், போனை எடுங்கள்.

பிறகு இதயக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்க்கிற அஞ்சியோகிராமுக்கு வேறு ஊருக்குக் கடிதம் தந்தார்கள், திகதி வர நாலு மாதம் எடுத்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம், அதை எழுதத் தொடங்கினால் கஞ்சி ஆறிவிடும்.

வீட்டுக்கு வரும்போது கையில் இருந்த துண்டில் மருந்துகளுக்குக் கீழே ஒரே வரி: உப்பு, எண்ணெய், சீனி குறைக்கவும், மன அழுத்தம் தவிர்க்கவும். எழுதிய புண்ணியவான் ஓட்டோவுக்குக் கட்டுக்காசு கேட்கிற லீசிங் கொம்பனிக்கும் ஒரு துண்டு எழுதித் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் அந்த ஒரு வரியைச் சட்டப் புத்தகமாக்கினேன். கறிக்கு உப்பில்லை, சம்பல் இல்லை, கருவாட்டுப் பானையைத் தூக்கி அயல் வீட்டுக்குக் கொடுத்தேன். இவர் வாய் திறக்காமல் சாப்பிடுவார், ‘ஆஸ்பத்திரிச் சாப்பாடு’ என்று மகளிடம் மட்டும் முணுமுணுப்பார். ஒரு நாள் ஓட்டோவைக் கழுவும்போது பின் சீற்றுக்குக் கீழே இரண்டு ரோல்ஸ் கடதாசியும் ஒரு மிக்சர் பையும் கிடைத்தன. அன்று இரவு வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு பிரஷர் பார்த்தோம், 158 க்கு 96. உப்பைக் குறைத்து பிரஷரைக் கூட்டிய பெண் என்ற பெருமை எனக்குத்தான் சேரும்.

அந்த நேரத்தில்தான் இவரோடு ஸ்டாண்டில் நிற்கும் கிண்ணியா நானா ஒருவர் விடியற்காலையில் இவரைக் கூப்பிட்டுக்கொண்டு கடற்கரை ஓரமாக நடந்து, நடந்த களையோடு இந்த வளவுக்குள் கொண்டுபோய் இருத்தினார். நான் அடுத்த கிழமை சந்தேகத்தோடு பின்னாலேயே போனேன். என்னுடைய சமையலைக் குடிக்காத மனுசன் எவளுடைய கஞ்சியைக் குடிக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

கஞ்சியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிடு போகாத சிவப்பு நாட்டரிசியை இரவே ஊறப்போட்டு, இரண்டு பல் உள்ளியோடு குழைய அவிக்கிறார்கள். இலையை அடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்றுகிறார்கள், அதனால் பச்சை நிறம் கறுக்காது, இலை மணமும் போகாது. திங்கள் வல்லாரை, செவ்வாய் முருங்கை இலை, மற்ற நாட்களில் சந்தைக்கு என்ன வருகிறதோ அது, வெள்ளிக்கிழமை முடக்கொத்தான். வெள்ளிக்கிழமைக் கஞ்சியை இவர் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவார், நான் அன்றைக்கு விரதம் என்று சொல்லித் தப்பிவிடுவேன். சிரட்டையில் தருகிறார்கள், பக்கத்தில் ஒரு தேசிக்காய்த் துண்டு, சுண்டுவிரல் நகமளவு பனங்கட்டி. இரண்டாவது பனங்கட்டித் துண்டு கேட்டால் மச்சாள்காரி காது கேளாத மாதிரி அடுப்பைப் பார்ப்பார்.

தேங்காய்ப்பால் விடுகிறார்கள், ஆனால் முதற்பால் இல்லை, இரண்டாம் பால் மட்டும். இதை ஆரோக்கியத்துக்காகத்தான் செய்கிறீர்களா என்று கேட்டேன். “இல்லை ரீச்சர், தேங்காய் இருநூறு ரூபாவைத் தாண்டின நேரம் தொடங்கினது, பிறகு யாரும் வித்தியாசம் கேக்கேல்ல, அப்பிடியே விட்டுட்டம்” என்றார் அக்கா. எனக்கு இந்த நேர்மை பிடித்திருந்தது. தேங்காய்க் கொழுப்பில் பத்துக்கு எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும், பாட்டன் பூட்டன் எல்லாம் தேங்காய்தானே தின்றார்கள் என்பார்கள். தின்றார்கள், கரைவலையும் இழுத்தார்கள், சாம்பல்தீவில் இருந்து ரவுணுக்கு நடந்தும் வந்தார்கள். அதோடு அந்தப் பாட்டன்மாரில் எத்தனை பேர் ஐம்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கணக்கெடுத்தவர் யார்? தேங்காயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் சொதி வைக்கிறேன், முதற்பாலை மட்டும் தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் ஒதுக்கிவிட்டேன்.

இப்போது உப்பு. கடைக்குக் கிடைத்த புள்ளிகளில் பெரிய பங்கு இதற்குத்தான். கஞ்சியில் உப்பே கிடையாது, மேசையிலும் வைப்பதில்லை. முதல் நாள் இவர் சிரட்டையை வாயில் வைத்துவிட்டு, “தங்கச்சி, உப்பு போட மறந்திட்டீங்கள்” என்றாராம். “கடலுக்குப் பக்கத்தில இருக்கிறீங்கள் அண்ணா, காத்தோட வரும், பொறுங்கோ” என்று தங்கை சொல்லியிருக்கிறாள். வளவு முழுக்கச் சிரிப்பு. இதையே நான் வீட்டில் சொல்லியிருந்தால் பீங்கான் பறந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, கறி, பாண், பிஸ்கட், சம்பலுக்குள் போடும் மாசி எல்லாம் சேர்த்து. நான் எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தேன், மூன்று பேருக்கு 400 கிராம் பைக்கற்று பன்னிரண்டு நாளில் முடிந்துகொண்டிருந்தது. மீன் கழுவப் போனதைக் கழித்தாலும் ஆளுக்குப் பத்துக் கிராம் கிட்ட வரும், அதற்கு மேல் கருவாடும் பாணும். 2025 மே மாதத்தில் நாட்டில் உப்பே இல்லாமல் இந்தியாவில் இருந்து இறக்கினார்களே, நிலாவெளியில் உப்பளத்தை வைத்துக்கொண்டு நாங்கள் கடை கடையாக அலைந்தோமே, அந்த நாட்களில் எல்லாரும் திட்டினார்கள், எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நாக்கு பழகச் சில கிழமை எடுக்கும், பழகிவிட்டால் பழைய கறி வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கும். இவருக்கு அது நடந்தது. ஆடி மாதம் ஒரு அந்தியேட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, “என்னப்பா இது, கடல் தண்ணியில சமைச்ச மாதிரி” என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

2001 இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் சோடியம் ஆய்வில், பழமும் மரக்கறியும் கொழுப்புக் குறைந்த பாலுணவும் கூடிய சாப்பாட்டோடு உப்பையும் நன்றாகக் குறைத்தபோது, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் இலக்கம் 11 புள்ளி அளவுக்கு இறங்கியது, அங்கே வழக்கமாகத் தின்பதை நிறைய உப்போடு தின்றவர்களோடு ஒப்பிட்டபோது. ஒரு குளிசைக்குச் சமமான இறக்கம். இந்தக் கடை அந்த வழியில் பாதித் தூரம் போகிறது, மத்தியானச் சாப்பாட்டில் வழுக்குகிறது.

மத்தியானம் நாட்டரிசிச் சோறு, ஒரு பருப்பு, ஒரு வறை, ஒரு மரக்கறி, மீன். மீன் விஷயத்தில் முழுப் புள்ளி. பெரிய அறக்குளாத் துண்டைக் காட்டிக் காசு பறிக்காமல் சூடையும் கீரியும் வாங்கிப் புளியாணம் வைக்கிறார்கள். கொறுக்காயும் மிளகும் தூக்கலாக இருப்பதால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரியாது, இந்த உத்தியை நான் வீட்டுக்குத் திருடிக்கொண்டு வந்துவிட்டேன். சூடை மாதிரிக் கொழுப்புள்ள சின்ன மீன்களில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது, கிழமைக்கு இரண்டு தரம் சாப்பிடச் சொல்கிறார்கள், அதைக் கப்சூலாக வாங்கப் பார்மசிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வரும் நேரம் ஒருமுறை எழும்பிப் பாருங்கள்.

ஆனால் சோறு! மலை மாதிரிக் குவிக்கிறார்கள். சிவப்பரிசி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று ஒரு நினைப்பு எங்கள் ஊரில் இருக்கிறது, தவிட்டரிசியும் அரிசிதான், சுகர் உள்ளவருக்கு அளவு அளவுதான். ‘அரைச் சோறு’ என்று வாய் விட்டுக் கேட்டால் தருவார்கள், கேட்காதவருக்கு முழு மலை, ஐந்து புள்ளியை வெட்டினேன். அடுத்தது வியாழக்கிழமை மத்தியானம். அன்றைக்கு மட்டும் ஒரு துண்டு பொரித்த கருவாடும் ஒரு பப்படமும் ‘சும்மா’ வைக்கிறார்கள், காசில்லை. காலையில் உப்பில்லாத கஞ்சி ஊற்றி மத்தியானம் கருவாடு வைக்கும் கையை என்ன சொல்ல? சனம் கேட்குதாம், வைக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுமாம். எட்டுப் புள்ளி அங்கேயே போனது. இவரை வியாழக்கிழமைகளில் நான் வீட்டில் சாப்பிட வைக்கிறேன், அன்றைக்கு மட்டும் அவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஹயர் கிடைத்துவிடும், அது என்ன மாயமோ.

பெரிய குறைக்கு வருகிறேன். மரத்தில் ஒரு அட்டை தொங்குகிறது, கையெழுத்து அழகு, எழுதியிருப்பதுதான் பிரச்சினை. ஆவாரம்பூ பிரஷருக்கு, உள்ளி கொலஸ்ட்ரோல் கரைய, மருதம்பட்டை இதய அடைப்பு நீங்க. தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி, சீனி போடாமல் குடிக்கலாம், மணமும் நன்றாக இருக்கும். ஆனால் இதயக் குழாயில் படிந்த அடைப்பைக் குடித்துக் கரைக்கிற பட்டை எதுவும் இல்லை. எங்களோடு நடக்கிற ஒரு பென்சன்காரர், இதயக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிக் குழாய் வைத்தவர், இந்த அட்டையைப் பார்த்துத்தானோ வேறு யாரும் சொல்லியோ தெரியாது, மருதம்பட்டை குடிக்கிறேன்தானே என்று இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த குளிசையை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்தவர்கள் அந்தக் குளிசையை டொக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் வைத்த இடத்திலேயே கட்டி விழலாம். மூன்றாவது கிழமை ஒரு காலையில் அவரை வாங்கில் இருந்தே அம்புலன்சில் ஏற்றினோம். தப்பிவிட்டார், இப்போது கோபத்தோடு எல்லாக் குளிசையும் போடுகிறார்.

அன்றைக்கு நான் அக்காவோடு சண்டை போட்டேன். “குளிசையை நிப்பாட்டுங்கோ எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை ரீச்சர்” என்று அழுதுவிட்டார். உண்மை, அவர் சொல்லவில்லை, அட்டை சொன்னது. அடுத்த நாள் ‘அடைப்பு நீங்க’ என்ற வரியில் கறுப்பு மை பூசியிருந்தது, மற்ற வரிகள் அப்படியே. பத்துப் புள்ளி வெட்டியது வெட்டியதுதான், அட்டை முழுக்க இறங்கினால் திருப்பித் தருவேன்.

மூலிகைத் தேத்தண்ணியில் இனிப்புக்காக அதிமதுரம் போட்டார்கள் என்பது எனக்கு ஐந்தாவது மாதம்தான் தெரிந்தது. தொண்டைக்கு நல்லது என்று நாங்கள் எல்லாரும் சப்புகிற அதே அதிமதுரம், நாள்தோறும் குடித்தால் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரஷரைக் கூட்டக்கூடியது. பிரஷர்காரருக்கு என்று எழுதிவைத்து அதையே ஊற்றினார்கள், தெரியாமல்தான். சொன்னவுடன் நிறுத்திவிட்டார்கள், அதற்குப் புள்ளி வெட்டவில்லை. இலைக்கஞ்சியிலும் இரண்டு பேர் கவனமாக இருக்க வேண்டும். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வோஃபரின் எடுப்பவர்கள் ஒரு நாள் அண்டா நிறையக் கீரையும் மறுநாள் ஒன்றும் இல்லாமலும் சாப்பிட்டால் மருந்தின் அளவு குழம்பும், தினமும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குக் கீரையிலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் கூடிவிடலாம், லொசாட்டன் என்ற பிரஷர் குளிசை எடுத்தால் இன்னும். எங்கள் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் ஓய்வுபெற்ற நேர்ஸ் ஒருவர் மெஷினோடு வந்து சும்மா பிரஷர் பார்க்கிறார். தங்கமான மனுசி. ஆனால் நடந்து வந்த மூச்சோடு, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையை நீட்டினால் இலக்கம் எப்படிச் சரியாக வரும்? ஐந்து நிமிடம் சும்மா இருந்து, முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில் பட, கை நெஞ்சு மட்டத்தில், வாய் மூடி இருக்க வேண்டும், அதற்கு முந்தி அரை மணித்தியாலம் தேத்தண்ணியும் கூடாது. இந்த நேர்ஸ் மிஸ்ஸுக்கு இது எல்லாம் தெரியும், வரிசை நீளம், சாய்மானம் உள்ள வாங்கு ஒன்றுதான். இவருக்கு அங்கே 150 காட்டியதை வீட்டில் ஆற அமர இருந்து பார்த்தால் 134. மூன்று புள்ளி குறைத்தேன், ஒரு சாய்வு வாங்கு போட்டால் சரி. முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளிலேயே இலவசமாகப் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், கடையில் பார்த்த இலக்கத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள்.

இவ்வளவு குறையைச் சொல்லிவிட்டு ஏன் எழுபத்திரண்டு என்று கேட்பீர்கள். கஞ்சிக்கு மட்டும் என்றால் அறுபதோடு நிறுத்தியிருப்பேன்.

வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. உள்ளே வருகிறவர் போனை அதற்குள் போட வேண்டும். கஞ்சி குடித்து முடியும்வரை லீசிங், அரசியல், பிள்ளைகளின் பரீட்சை முடிவு மூன்றையும் கதைக்கக் கூடாது. தங்கைக்காரி போட்ட சட்டம், மீறினால் அடுத்த நாள் கீரை ஆய்ந்து கொடுக்க வேண்டும், ஒரு கச்சேரி உத்தியோகத்தர் இரண்டு நாள் ஆய்ந்தார். அப்புறம் மிஸ் பழக்கிவிட்டபடி எல்லாரும் மூச்சு விடுகிறார்கள், நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மெல்ல மூச்சு விடப் பழகினால் பிரஷர் கொஞ்சம் இறங்கும், கொஞ்சம்தான், மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை. கிண்ணியா நானா இதைத் தொழுதுவிட்டு இருக்கும் இருப்பு மாதிரி என்கிறார், இவர் கோணேசர் கோயில் மலையில் விடியக்காலைக் காற்றுக்கு நிற்கிற மாதிரி என்கிறார். எனக்கு இரண்டாம் தவணை விடைத்தாள் திருத்தி முடித்த மாதிரி.

கஞ்சி முடிந்த பிறகு எதையும் கதைக்கலாம், அங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வெளியே வந்தது. 2021 இல் லீசிங்கில் எடுத்த ஓட்டோ. 2022 இல் பெற்றோல் செட் வாசலில் இரண்டு நாள் மூன்று நாள் படுத்துக் கிடந்தது, கியூ.ஆர் வந்து கிழமைக்கு இவ்வளவு லீற்றர்தான் என்றது, ஓட்டமில்லாமல் கட்டுக்காசு நின்றது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதை அடைக்க இவர் வேறொரு இடத்தில் வட்டிக்கு வாங்கி, மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. போன் அடித்தால் முற்றத்துக்கு ஓடுவது அதற்குத்தான். நான் அதை மனைவியாக வேறு விதமாகச் சந்தேகப்பட்டேன், அந்தக் கதை வேண்டாம். அந்த வேப்பமரத்தடியில் நானாவிடம் சொல்லி, நானா என் முன்னால் சொல்லவைத்து, ஒரு திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய்க் கதைத்துத் தவணையை நீட்டிக்கொண்டு வந்தோம். அன்று இரவு இவர் விடியும்வரை நித்திரை கொண்டார். நான் முழித்திருந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், அவ்வளவு ஆழமான நித்திரை.

மன அழுத்தத்தை டொக்டர்மார் ஒப்புக்கு எழுதுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். 2004 இல் இன்டர்ஹார்ட் என்று ஒரு பெரிய ஆய்வு வந்தது, 52 நாடுகள், இலங்கையும் அதில், கேரளத்தில் பிறந்த டொக்டர் சலீம் யூசுப் தலைமையில். மாரடைப்பின் மிகப் பெரும்பகுதியை விளக்க ஒன்பது காரணிகள் போதும் என்று கண்டார்கள், புகை, கொலஸ்ட்ரோல், பிரஷர், சுகர், தொப்பை, மரக்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி குறைவு, மதுப் பழக்கம், அவற்றோடு மன அழுத்தமும். எங்கள் தெற்காசியச் சனத்துக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தி வருகிறது என்பதும் அதில்தான் தெளிவாகியது.

மிஸ் ஒரு சனிக்கிழமை இன்னொன்று சொன்னார். ஜப்பானில் பேய்க்கணவாய் பிடிக்க ஒரு பானை வைப்பார்களாம், கழுத்து ஒடுக்கம், அடி அகலம். பெரிய துக்கமோ பயமோ தாக்கும்போது சிலருக்கு, கூடுதலாக வயது போன பெண்களுக்கு, இதயத்தின் இடது அறை அந்தப் பானை மாதிரி ஊதி நின்றுவிடும், குழாயில் அடைப்பே இருக்காது. அதனால் டகோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே 1990 இல் வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் சில கிழமையில் தேறிவிடுவார்கள், சிலர் தேற மாட்டார்கள். 2004 இல் அங்கே நீகாட்டாவில் பூமி அதிர்ந்த பிறகு இந்த வருத்தம் அங்கே கூடியதாம். அதே வருடம் மார்கழியில் எங்கள் கரைக்கு என்ன வந்தது என்று அந்த வளவுக்குள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மீன் விற்கும் ஒரு ஆச்சி, “எங்கட பெரியம்மா ஏங்கித்தான் செத்தவ எண்டு சொன்னால் அப்ப ஒருத்தரும் நம்பேல்ல” என்றார். கொஞ்ச நேரம் யாரும் கதைக்கவில்லை, அக்கா எழும்பிப்போய் ஆச்சிக்கு இன்னொரு சிரட்டை கஞ்சி வார்த்தார்.

இலக்கம் கேட்பவர்களுக்கு: இவருடைய பிரஷர் இப்போது 130 க்கும் 84 க்கும் கிட்ட நிற்கிறது, கெட்ட கொலஸ்ட்ரோல் 148 இல் இருந்து 68 க்கு வந்தது, ஐந்து கிலோ குறைந்தார். கொலஸ்ட்ரோல் இறங்கியது இரவில் போடும் அட்டோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையால்தான், கஞ்சிக்கு அந்தப் பேரைக் கொடுக்க மாட்டேன். பிரஷருக்குக் குளிசையும் உப்பும் நடையும் பங்காளிகள், நிலுவைக் காசுக்கு ஒரு வழி பிறந்ததும் ஒரு பங்காளி.

மற்றவை சுருக்கமாக. கஞ்சி 120 ரூபா, மரக்கறிச் சாப்பாடு 350, மீனோடு 450. எட்டரைக்குப் பிறகு போனால் பானையின் அடிதான் கிடைக்கும். கழிப்பறை இரண்டு புள்ளி வெட்டும் நிலையில் இருக்கிறது, வெட்டிவிட்டேன். கார்த்திகை மார்கழி மழைக்கு மரத்தடி சரிவராது, தறப்பாள் ஒழுகும். மான் கன்றுகளுக்கு வடை, பிஸ்கட் கொடுக்காதீர்கள், தங்கை ஏசுவாள். கார்ட் எடுக்க மாட்டார்கள், சில்லறை கொண்டுபோங்கள். கிணற்றடியில் தனியாக ஒரு வாங்கு கிடக்கும், காற்று நன்றாக வரும், இருக்க ஆசை வரும், அதில் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஆறேகாலுக்கு இவர் வந்துவிடுவார்.